தெரியாது என்று சொன்ன வாய்

மாமா,

இந்த சீசனின் முதல் மங்குஸ்தான் பெட்டியை இன்று காலை ஐந்தருவிக் கடையில் பிரித்தேன். ஈரச் சருகு வாசனை மேலே வந்ததும் உங்கள் அதட்டல் காதில் விழுந்தது. சிரித்துவிட்டேன். பழம் வாங்க நின்றவர் ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும்.

பக்கவாதத்தில் இடது கை விழுந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நீங்கள், சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தீர்கள். விடியுமுன்னே விழிப்பு. சோற்றைத் தொடுவதில்லை. இன்று என்ன கிழமை என்றாலும், பேரன் பெயர் என்ன என்றாலும் ஒரே பதில்: "தெரியாது." சென்னையிலிருந்து வந்த உங்கள் மூத்த மகன் வந்த அன்றைக்கே தீர்ப்புச் சொன்னார். "அப்பாக்கு எல்லாம் மறந்துட்டு. கடைய விட்டுருவோம். மதுரையில ஒரு ஹோம் இருக்கு, அங்கன சேத்துருவோம்." என் வீட்டுக்காரர் அண்ணன் பேச்சுக்குத் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறதி நோயை நான் பண்பொழியில் என் அப்பாவிடம் பார்த்தவள். அவர் தெரியாது என்று சொல்லவே மாட்டார். சாப்பிட்டியளா என்று கேட்டால், சாப்பிடாமலே "புட்டும் பயறும் தின்னேம்லா" என்று சிரிப்பார். விட்டுப்போனதை இட்டுக்கட்டி நிரப்புவார். நீங்களோ யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் 'தெரியாது' எனக்கு 'என்னை விட்டுரு' என்றுதான் கேட்டது. ஆனால் மருமகள் சொல் அம்பலம் ஏறுமா?

ஒரு நாள் யாரையும் கேட்காமல் உங்களை ஆட்டோவில் ஏற்றிக் கடை ஸ்டூலில் உட்கார வைத்தேன். சாரல், நல்ல கூட்டம். மங்குஸ்தான் தோல் லேசாக அமுங்க வேண்டும், கல்லாக இருந்தால் உள்ளே கெட்டுப்போயிருக்கும். அவசரத்தில் நான் அமுக்கிப் பார்க்காமல் ஒரு அம்மா நீட்டிய பையில் அள்ளிப் போட்டேன்.

"ஏட்டி! அது கல்லுக்காயி, குடுக்காத. அவிய சுந்தரபாண்டியபுரத்து டீச்சர்லா. வருசா வருசம் நம்மகிட்டதான் வாங்குதாவ!"

சொல்லிவிட்டு நீங்கள் அழுதீர்கள். நானும் அழுதேன். டீச்சர் பையைப் பிடித்தபடி நின்றார்.

அன்றே உங்களைத் தென்காசி டாக்டரிடம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் உங்களிடம் தனியாக நிதானமாகப் பேசிவிட்டு வந்தார். "பக்கவாதத்துக்கு அப்புறம் மனச்சோர்வு வரும்மா. பாக்க மறதி மாதிரியே இருக்கும். மறதியும் சேர்ந்திருக்கான்னு பிறகு பாப்போம். மொதல்ல இதுக்கு மருந்து குடுப்போம்." மாத்திரை, கைப்பயிற்சி, கடை என்று மெல்ல மெல்ல எழுந்தீர்கள்.

அடுத்த சாரலுக்கு அந்த டாக்டரே தலையில் எண்ணெயோடு அருவிக்கு வந்தார். "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன கிழமை?"

"இந்தக் கூட்டத்தப் பாத்துமா கேக்கிய? ஞாயித்துக்கிழம சார். நாளைக்குக் கூட்டம் கொறயும், வாங்க, நல்ல பழமா எடுத்து வைக்கேன்."

சீசனுக்கு ஊர் வந்து பக்கத்தில் நின்ற மூத்த மகன் குனிந்து பழம் அடுக்க ஆரம்பித்தார். ஜெயித்துவிட்டோம் மாமா! அன்று முழுக்க என் கால் தரையில் பாவவில்லை. கடைசி சீசன்வரை அந்த ஸ்டூலில் இருந்து வியாபாரம் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினீர்கள்.

இன்று மத்தியானம் ஒரு பெண் தன் அப்பாவைத் தாங்கிக் கூட்டி வந்தாள். அவருக்கும் ஒரு கை விழுந்திருந்தது. என்ன பழம் வேணும் என்றேன். "தெரியாது" என்றார். "பக்கவாதம் வந்ததுலேர்ந்து எல்லாம் மறந்துட்டுக்கா" என்றாள் அவள். கல்லுக்காய் ஒன்று, நல்ல பழம் ஒன்று, அவருடைய நல்ல கையில் மாற்றி மாற்றி வைத்தேன். அமுக்கிப் பார்த்தார். கல்லுக்காயை என்னிடமே தள்ளிவிட்டு, நல்லதை மகளிடம் நீட்டினார்.

"ஏட்டி, இவர நாளைக்கே தென்காசி டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ!" என்று கத்திவிட்டேன். அது உங்கள் குரல் மாமா.