படகில் நான் நிற்கும் இடம்

பாப்பா அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? என் அம்மா ஏமாற்றாமல் மாத்திரை விழுங்குகிறார்களா?

ஒரு வேடிக்கை கேள். ஏரியில் கயிறு பிடித்துச் சறுக்குகிறவர்களை இழுக்க முதலாளி பழைய படகு ஒன்று வாங்கினார். பார்த்துச் சொல்ல என்னையும் கூட்டிப்போனார். இன்ஜின் சுத்தம், பெயின்ட் பளபளப்பு, உள்ளே புதுக் கம்பளம். விற்கிறவர் மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவேயில்லை. வயதானவரை நகரச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பணம் கைமாறி அவர் இறங்கியதும் அங்கே மிதித்தேன், குதிகால் அமுங்கியது. கம்பளத்துக்கு அடியில் பலகை உளுத்துப்போயிருக்கிறது.

"சார், இங்க தரை மக்கிப்போச்சு."

"வாங்கியாச்சு, இனி என்ன பண்றது? ஆளுங்க ஏறும்போது நீ அங்க நின்னுக்கோ."

நீ பயப்படாதே, மிதவைச் சட்டை தந்திருக்கிறார்கள். ஆனால் போன வாரத்தைவிட இப்போது கூடுதலாக அமுங்குகிறது. என் பழைய ரப்பர் செருப்பை அனுப்பு, ஷூ கனக்கிறது. தள்ளிப்போடாமல் பாப்பாவை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடு. அவளாவது கற்றுக்கொள்ளட்டும்.

முதலாளி ஹார்ன் அடிக்கிறார். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், நான் போய் என் இடத்தில் நிற்கவேண்டும்.

பாப்பா அப்பா