புழுவுக்கு மட்டும் ஆகும் இலை

மார்ச் 4, செவ்வாய்

பட்டாம்பூச்சிக் கூடத்தில் இன்று ஐம்பத்தெட்டுப் புழுக்கள். நேற்று ஐம்பத்தொன்பது. ஒன்று தண்ணீர்த் தட்டில் விழுந்து செத்துக் கிடந்தது. தட்டை வலையால் மூடாமல் விட்டது நான்தான்.

பக்கத்து ரோஜாப் பாத்திக்கு மருந்தடிக்க வந்தவர்கள் எங்கள் கூடத்தின் பெருமருந்துக் கொடி வேலி மேலும் சேர்த்து அடித்துவிட்டுப் போய் ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் இரண்டு மாதத்துக்கு அதில் ஓர் இலை பறிக்க முடியாது. நாங்கள் வளர்க்கிற சிவப்புடல் அழகிப் பட்டாம்பூச்சியின் புழுவோ இந்தக் கொடியைத் தவிர வேறு எதையும் தின்னாது. பட்டினி கிடந்து சாகும், அடுத்த இலையை முகர்ந்துகூடப் பார்க்காது. வீம்பில் எங்கள் அக்காவுக்குத் தங்கச்சி.

நல்லவேளை, போன வருஷம் பதினொரு தொட்டிகளில் அதே கொடியைப் பதியன் போட்டு எங்கள் மொட்டைமாடியில் வைத்தேன். மேலாளர் சொன்னார்: "இப்போதைக்கு உங்க மாடிதான்மா நம்ம சமையல்கட்டு. இந்தத் தொகுதி போச்சுன்னா வருஷம் முழுக்கக் காலிக் கூண்டைத்தான் காட்டணும்."

தினமும் காலையில் ஒரு பை இலையோடு பஸ் ஏறுகிறேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் கீரை என்று நினைத்து விலை கேட்கிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

ஐம்பத்தெட்டு. சாவு இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மாடியில் ஏதோ சரியில்லை. ஆறாவது, ஏழாவது தொட்டிகளில் இளம் இலைகளைக் காணோம். புழு தின்றிருந்தால் ஓரத்தில் வளைவாகக் கடி இருக்கும், கழிவு கிடக்கும். இங்கே காம்பு மட்டும் நிற்கிறது. நகத்தால் கிள்ளிய மாதிரி.

அக்காவிடம் சொன்னேன். முன்னறையில் மிஷினில் இருந்தாள். பள்ளிச் சீருடை தைக்கிற நேரம், தலைக்கு மேல் வேலை. நிமிராமலே, "காத்துல உதிர்ந்திருக்கும் பூச்சி" என்றாள். பூச்சி என்பது நான்தான். இந்த வேலைக்குச் சேர்ந்த அன்று வைத்த பெயர்.

காற்றில் உதிர்ந்தால் காம்போடு உதிராதா?

மேல்வீட்டுக்காரர் மேல்தான் எனக்குச் சந்தேகம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். துணி காயப்போடத் தொட்டிகள் இடைஞ்சல் என்று இரண்டு தரம் முனகியிருக்கிறார்.

மார்ச் 12, புதன்

நேற்று சாயங்காலம் உட்கார்ந்து எண்ணினேன். பறிக்கிற பக்குவத்தில் நூற்று முப்பத்தாறு இலை. இன்று காலையில் நூற்று இருபத்தேழு. ஒன்பது இலை! ஒன்பது புழுக்களின் ஒருநாள் சாப்பாடு.

மேல்வீட்டுக்காரர் லுங்கியை உதறிக்கொண்டிருந்தார். நேராகவே கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிற்று.

"நான் இலையக் கிள்ளி என்னம்மா பண்ணப் போறேன்? மாலை கட்டப் போறேனா?"

"வேற யார் சார் மாடிக்கு வர்றாங்க?"

கிளிப்பை ஒவ்வொன்றாக மாட்டி முடித்துவிட்டுச் சொன்னார்: "வீட்டுக்குள்ள ஒரு வார்த்தை கேட்டுட்டு வாயேன்."

மழுப்புகிறார் என்று நினைத்தேன். இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். நாளைக்கு டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டும்.

பிற்பகல் இலை போதவில்லை என்று இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் வாசனை. கூடத்தில் தினம் முகர்கிற வாசனை, ஆனால் வெந்த வாசனை. சமையலறையில் சின்னப் பாத்திரம், அடுப்பை அப்போதுதான் அணைத்திருக்கிறாள். உள்ளே இலைகள். இதய வடிவம் கூடக் கலையவில்லை. அக்கா வடிகட்டியோடு நிற்கிறாள்.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்ல. கைவலிக்கு."

"என்ன கைவலி?"

வடிகட்டியைக் கீழே வைத்தாள். அப்புறம் வலது கையை நீட்டினாள். கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை வீங்கி இருக்கிறது. நாலு மாதமாம். நாலு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், ஒரே தட்டில்கூடச் சாப்பிட்டிருக்கிறோம், நான் பார்க்கவில்லை. புழு ஒன்று குறைந்தால் எனக்குத் தெரியும். இது தெரியவில்லை.

சீருடைக்கு அளவு கொடுக்க வந்த ஓர் அம்மா சொன்னாராம், இந்தக் கொடியைக் காய்ச்சிக் குடித்தால் மூட்டு வலியெல்லாம் ஓடிப்போகும் என்று. தினம் ஒரு டம்ளர். எத்தனை நாளாய் என்று கேட்டேன். இருபத்தாறு நாள் என்றாள். தையல்காரிக்குக் கணக்கு தப்பாது.

பாத்திரத்தைக் கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தேன். "அது விஷம்கா. கிட்னியக் கெடுத்துரும்."

சிரிக்கப் பார்த்தாள். "விஷம்னா உன் பூச்சிங்க மட்டும் எப்படிக் கொழுகொழுன்னு இருக்கு? நீதான சொன்ன, இதுக்குப் பேரே பெருமருந்துன்னு."

சொன்னேன். தொட்டிகளைக் கொண்டுவந்த அன்று நான்தான் சொன்னேன். பெருமையாக.

கூடத்து வாசலில் நானே எழுதி மாட்டிய பலகை இருக்கிறது. 'இக்கொடியின் நஞ்சைப் புழு தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் இதைத் தொடுவதில்லை.' பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் நிறுத்தி வைத்து வாசித்துக் காட்டுவேன். எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன்? வீட்டில் இருக்கிற ஒருத்திகிட்ட சொல்லலையே. ஏன் சொல்லல? அவ கேக்கல. கேட்டாத்தான் சொல்லணுமா?

மார்ச் 14, வெள்ளி

டாக்டரம்மா கோபப்படுவார் என்று பயந்து போனேன். கோபப்படவில்லை. செடியின் முழுப்பெயரை என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு, தன் கணினியில் ஏதோ படித்துவிட்டு, நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் நாற்காலியை இழுத்ததுமே இது சின்ன விஷயமில்லை என்று தெரிந்துவிட்டது.

"நேத்தோட நிறுத்திட்டீங்கள்ல? அதுதான் முக்கியம். இது சில பேருக்குச் சத்தமில்லாம சிறுநீரகத்த சுருக்கிடும். வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?"

அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "வலி மாத்திரை. தினம் ரெண்டு."

இதுவும் எனக்குப் புதுசு.

ரத்தம், சிறுநீர் இரண்டும் எடுத்தார்கள். சாயங்காலமே முடிவு வந்தது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின், இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூட. கொஞ்சம்தான். மாத்திரையாலும் இருக்கலாம், இலையாலும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இரண்டையும் விட்டு, நிறையத் தண்ணீர் குடித்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

"இறங்கினா சந்தோஷம்" என்றார். இறங்காவிட்டால் என்ன என்று நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை.

மார்ச் 15, சனி

ஐம்பத்தேழு. அக்காவின் மறுசோதனைக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

பகல் முழுக்க மிஷின் ஓடவில்லை. இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை.

சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா என்ன?"

"சொன்னா மிஷின மூடச் சொல்லுவ."

"சொல்லுவேன்தான்."

"அதான் சொல்லல."

தட்டை ஒதுக்கிவிட்டு அவளே ஆரம்பித்தாள். அம்மா போனதிலிருந்து யாரிடமும் கை நீட்டாமல் என்னைப் படிக்க வைத்தது இந்த மிஷினாம். தைக்க முடியாமல் போனால் நான் அவளைப் பார்த்துக்கொள்வேன் என்று தெரியுமாம். அதுதான் பயமாம். "நீ நல்லாப் பாத்துக்குவடி. அதான் எனக்குப் பிடிக்கல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டில் எதைச் செய்தேன் என்று நினைவில்லை.

மார்ச் 17, திங்கள்

காலையில் கத்தியோடு மாடிக்குப் போனேன். பதினொரு தொட்டியையும் அடியோடு வெட்டிப் போட்டுவிடலாம் என்று. அந்தக் கொடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வெட்டினால் ஐம்பத்தேழும் நாளைக்கே பட்டினி. அது தெரிந்துதான் போனேன். ஆனாலும் போனேன்.

பின்னாடியே அக்கா வந்தாள். படி ஏறி மூச்சு வாங்கியது.

"குடிச்சது நானு. கொடி என்னடி பண்ணிச்சு?"

"எனக்கு வேணாம்கா இது வீட்ல."

"உனக்கு வேணாம் சரி. அதுங்க?" கத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "பையக் குடு. இன்னிக்கு எத்தனை இலை வேணும்?"

இடது கையால் பறித்தாள். ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்துப் பையில் போட்டாள், துணியில் பழுது பார்க்கிற மாதிரி. மூன்றாவது தொட்டியில் ஓர் இலையின் அடியில், வெளியிலிருந்து பட்டாம்பூச்சி ஒன்று வந்து வைத்துவிட்டுப் போன முட்டைகளை அவள்தான் கண்டுபிடித்தாள். செம்மண் நிறத்தில் நாலு முட்டை. "இதக் கணக்குல சேப்பியா?" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

மேல்வீட்டுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கதவுக்கு வெளியே நிற்க வைத்துப் பேசுவார் என்று நினைத்தேன், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தினம் ராத்திரி ஏழு மணிக்கு உங்க அக்கா மாடிக்கு வருவாங்க, பாப்பேன். அக்கா தங்கச்சி நடுவுல பூந்து கோள் சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு வாய மூடிக்கிட்டேன். விஷம்னு தெரியாது."

"சொல்லியிருக்கலாம் சார்."

"சொல்லியிருக்கலாம்தான்" என்றார். அவரும் ஒரு சுற்று வருத்தப்பட்டுத்தான் இருக்கிறார்.

மார்ச் 21, வெள்ளி

முதல் கூட்டுப்புழுக்கள். காலையில் ஆறு, சாயங்காலம் பத்தொன்பது. குச்சியில் இடுப்புக்கு ஒரு நூல் கட்டிக்கொண்டு, காய்ந்து சுருண்ட சருகு மாதிரி தொங்குகின்றன. இனி இவற்றுக்கு இலை வேண்டாம். பை இன்று பாதி கனம்தான்.

அக்கா ஒரு குடம் தண்ணீர் குடிக்கிறாள். ராணுவக் கட்டுப்பாடு. நான் பார்க்கும்போதெல்லாம் டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறாள்.

மார்ச் 24, திங்கள்

எல்லாம் கூடாகிவிட்டன. இரண்டைத் தவிர. அவை ஆகாது.

மார்ச் 28, வெள்ளி

இறங்கிவிட்டது.

இறங்கிவிட்டது. இன்னொரு தரம் எழுதினால் என்ன.

காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் பதினொன்றரை வரை நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒருவர் தினசரியை ஒரே பக்கம் ஒரு மணி நேரம் படித்தார். அக்கா எதிரே இருந்த நர்சின் சீருடைத் தையலைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தாள். தோள்பட்டை இழுக்கிறதாம், காலர் கோணலாம். பயத்தில் அவளுக்கு வாய் நிற்காது.

டாக்டரம்மா தாளை மேஜையில் எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். இந்தத் தரம் நாற்காலியை இழுக்கவில்லை. "அளவுக்குள்ள வந்துருச்சு. சிறுநீரும் சுத்தமா இருக்கு. ஆனா இதோட விட்டுறக் கூடாது. மூணு மாசத்துல ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம். சரியா?"

அக்கா தலையாட்டினாள். நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்தால், அவள் டாக்டரம்மாவிடம் கையைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். தானாக. நான் சொல்லாமலே.

கைக்குத் தனி டாக்டர் பெயர் எழுதிக் கொடுத்தார். பகலில் விரலை அசையவிடாத பட்டை, தைக்கிற நேரம் இனி பாதிதான்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனது தெரிந்தும் நான் எழுப்பவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தோம்.

ஏப்ரல் 3, வியாழன்

நேற்று மூன்று, இன்று பதினாறு. கூட்டிலிருந்து கசங்கின துணி மாதிரி வெளியே வந்து, ஒரு மணி நேரம் தொங்கி, இறக்கையை உலர்த்திக்கொண்டு கிளம்புகின்றன. கறுப்பு இறக்கை, உடம்பு மட்டும் குங்குமச் சிவப்பு. இந்த இனத்துக்கு அவசரம் என்பதே கிடையாது. தின்ன யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தவை மாதிரி நிதானமாகப் பறக்கும். மேலாளர் கூண்டுக்குள் வந்து தலையில் ஒன்று உட்கார்ந்தும் விரட்டாமல் நின்றார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "எத்தனை?" என்றுதான் எடுத்ததும் கேட்டாள்.

ஏப்ரல் 7, திங்கள்

மொத்தம் ஐம்பத்தொரு பட்டாம்பூச்சி. பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதினேன். முதல் வரி: 'இதன் இலை, வேர் எதையும் மனிதர் மருந்தென்று உட்கொள்ளக் கூடாது. சிறுநீரகத்தைக் கெடுக்கும்.' பெரிய எழுத்தில். வீட்டு மாடியிலும் ஒன்று மாட்டினேன். மேல்வீட்டுக்காரர் ஆணி அடித்துக் கொடுத்தார்.

அளவு கொடுத்த அந்த அம்மாவையும் தேடிப் போய்ச் சொன்னோம். அவரும் குடித்துக்கொண்டிருந்தாராம், எங்கேயோ வாங்கின பொடி. பயந்துவிட்டார். டாக்டரம்மா முகவரியை அக்கா எழுதிக் கொடுத்தாள்.

ஜூன் 20, வெள்ளி

மூன்று மாதச் சோதனை. எல்லாம் சரி. இனி அடுத்த வருஷம்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் நான் கிளம்புகிற நேரத்தில் அக்கா படுக்கையை விட்டு எழாமலே கூப்பிட்டாள். ஓடினேன்.

"இன்னிக்கு ரொம்ப வலிக்குதுடி. நாலு சட்டை குடுக்கணும். ரெண்டுதான் ஆகும். மத்த ரெண்டு பேருக்கும் நீ போன் போட்டு நாளைக்குன்னு சொல்லிடு."

பட்டையை எடுத்து வந்து கட்டைவிரலில் கட்டிவிட்டேன். இறுக்கமா என்று கேட்டேன், கொஞ்சம் தளர்த்து என்றாள். தளர்த்தினேன்.

இரண்டு பேருக்கும் போன் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மறுபடி தூங்கியிருந்தாள். ஏழே முக்கால் பஸ்ஸை விட்டுவிட்டேன். எட்டே காலுக்குப் போனேன்.