மருந்து என்றுதானே எழுதியிருந்தாய்

அன்பு மகன் தெஷுனுக்கு அம்மா எழுதுவது. நானும் ஆட்டுக்குட்டியும் இங்கே நலம். நீ கைகால் குறையாமல் நலமாக இருக்க வேண்டும் என்று அடுப்படிச் சாமிக்குத் தினமும் விளக்கு வைக்கிறேன். சந்தையில் கடிதம் எழுதுபவர்தான் எழுதித் தருகிறார், நான் சொல்வதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டக் கூடாது என்றிருக்கிறேன்.

முந்தாநாள் உன் தங்கை சூவே போய் நாற்பத்தொன்பதாம் நாள். அவளுக்குப் போய்ச் சேரட்டும் என்று காகிதக் காசையும், அவள் ஆசைப்பட்ட பச்சைப் பாவாடையைக் காகிதத்தில் வெட்டி அதையும் எரித்தோம். சாப்பாட்டுக்கு வந்தவர்களில் கோட்டைக் காவலிலிருந்து திரும்பிய பாங் என்பவரும் இருந்தார். நான் வாய் அடங்காமல், தலைநகரில் மருந்துப் பட்டறையில் இருக்கிற பிள்ளை இருமிச் செத்த தங்கைக்கு ஒரு சிட்டிகை அனுப்பவில்லையே என்று அழுதேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, அது தொண்டைக்குப் போடுற மருந்துன்னா நினைச்சீங்க? கோட்டைச் சுவரை வெடிச்சுத் தகர்க்கப் போடுற நெருப்பு மருந்து. அதைக் குடிச்சா இருமல் நிக்காது, ஆளே நிக்கமாட்டான்" என்றார். சிலர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை, சட்டைக் கைக்குள் மறைத்தே வைத்திருக்கும் இடது கையை எடுத்து விரித்தார், மூன்று விரல்தான் இருந்தது.

வெளியில் சொல்லக் கூடாது என்று கட்டளையாம், அதனால்தான் நீ வெறும் மருந்து என்று எழுதினாயாம். நான் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே. சூவேயும், "அண்ணன் மருந்து படகுல வருதும்மா, இந்தக் கசாயம் வேண்டாம்" என்று கடைசி வரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருந்து அனுப்பு என்று நான் எழுதியதற்கு நீதான் என்ன பதில் எழுதுவாய். போன கடிதத்தில் உன்னைக் கல்நெஞ்சன் என்று எழுதச் சொன்னேன், அதை எரித்துவிடு, ஐயோ வேண்டாம், நெருப்புப் பக்கமே போகாதே, ஆற்றில் போடு. இரும்பு உரசினால் பொறி வருமாம், அந்த மருந்தை இடிக்க மர உலக்கையே எடு. இல்லை தெஷுன், உலக்கையே வேண்டாம், வந்துவிடு. காகிதம் செய்கிற இடத்தில் சித்தப்பா ஆள் தேடுகிறார், மூங்கிலை ஊறவைத்து இடிக்கிற வேலை, கை நனையும், அவ்வளவுதான்.

போன உன் அப்பாவும் தங்கையும் உன்னைச் சுற்றி நின்று காக்கட்டும். வரும்வரை, நலம் என்று யாரைக் கொண்டும் எழுதி அனுப்பாதே. இரண்டு கையிலும் மை தடவித் தாளில் பதித்து அனுப்பு. எனக்குப் படிக்கத் தெரியாது, பத்து வரை எண்ணத் தெரியும்.

உன் அம்மா
(கீழே இருப்பது என் கை)