தானாக இறங்கும் தண்ணீர்

நேற்று அரியலூரில் மகளுக்கு ஊசி போடும் முன் நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தடவினாள். அந்த வாசனையோடு நீ வந்து நின்றாய். பெரம்பலூர் ஆய்வகத்தில் நாள் முழுக்க நம் கைகளில் இருந்த வாசனை.

நீ குன்னம், நான் உடையார்பாளையம். அருகருகே உட்கார்ந்து கரும்புக் குருத்தை நறுக்கி, சத்து கலந்த ஜெல்லிப் புட்டிகளில் நட்டு நாற்றாக்குவோம். ஜெல்லி விலை ஏற ஏற முதலாளியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

ஒருநாள் நீ இரண்டு கண்ணாடிப் புட்டிகளையும், மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரையும், ஒரு டைமரையும் மேசையில் பரப்பினாய். ஒரு புட்டியில் சத்துத் தண்ணீர், இன்னொன்றில் செடி. காற்று தள்ளினால் தண்ணீர் செடிப் புட்டிக்குப் போய்ச் சில நிமிடம் நனைக்கும், பிறகு எதிர்ப்பக்கமிருந்து காற்று தள்ளினால் திரும்பிவிடும். ஜெல்லியே வேண்டாம்.

"முங்கியே கெடந்தா வீணாப் போயிடும்டி. அப்பப்ப நனைச்சா போதும்" என்றாய்.

முதல் முறை, செடிகள் மூழ்கியிருந்த நேரத்தில் கரண்ட் போனது. தண்ணீர் திரும்பவில்லை. இலைகள் கண்ணாடிபோல் வெளிறிவிட்டன.

"நமக்கு ஏன்டி இந்த வம்பு? ஜெல்லியிலயே போட்டுட்டுப் போவோம்" என்றேன்.

நீ செடிப் புட்டியை மேல் தட்டில் ஏற்றி வைத்தாய். "இனிமே கரண்ட் போனா தண்ணி தானா எறங்கிடும்."

அடுத்த முறை நாற்றுகள் புட்டியை அடைத்துக்கொண்டு கிளம்பின. முதலாளி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சரிம்மா, இப்படியே செய்யுங்க" என்றார். நீ பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தாய். கரும்பு நாற்றுக்கா இவ்வளவு அழுகை என்று நினைத்தேன்.

போன வருஷம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. பதினாறாம் நாள் உன் வீட்டில் வைத்து முதலாளி என்னிடம் சொன்னார்: "ஜெல்லி வெல ஏறினப்ப ஒரு ஆளத்தான் வெச்சுக்க முடியும்னு இருந்துச்சும்மா. அவள வெச்சுக்கிட்டு உன்ன நிறுத்திடறேன்னு அவகிட்ட சொன்னேன். 'ஒரு மாசம் குடுங்க சார், ரெண்டு பேருக்கும் வேல இருக்கற மாதிரி பண்ணிக் காட்டறேன்'னா. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டா."

இப்போது அந்த ஆய்வகத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நாற்றுக்கு ஆர்டர் குறைந்திருக்கிறது. வரதராஜன்பேட்டையிலிருந்து வரும் பெண்ணை நிறுத்திவிடலாமா என்று முதலாளி கேட்டார். ஒரு மாதம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது.