உறை போட்ட சிலிண்டர்

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜெனிபருக்கு, சிஞ்ச்வட்டிலிருந்து அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளை ஸ்டீபனும் கால்கரியில் தேவ கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அடுத்தபடியாக அம்மாவும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்த முறை கை வரவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பின்னால் வெள்ளைச் சுவர் தெரிகிறதே என்று நீ கேட்டதற்கு, வீட்டுக்கு வெள்ளையடித்தோம் என்று சொன்னாளே, அது ஆஸ்பத்திரிச் சுவர். உன்னோடு பேசுவதற்காக மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைக் கழற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டுச் சிரித்தாள். நீ போனை வைத்ததும் அவளுக்கு மூச்சு வாங்கிய வாங்கலைப் பார்த்து நர்ஸ் சுஷ்மா ஓடி வந்தாள், வந்து என்னைத்தான் திட்டினாள். பொய் சொன்னது அவள், திட்டு வாங்கியது நான், முப்பத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் இதுதான் நடைமுறை. போனில் சொன்னால் நான் கத்திவிடுவேன், நீ அழுவாய், விஷயம் விளங்காது. ஆகவே தாளில் எழுதி, போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன். தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்க உனக்கு நேரமாகும், ஆகட்டும். மாப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே, அவர் பாதியில் நிறுத்திவிட்டு இங்கிலீஷில் சுருக்கிச் சொல்லிவிடுவார், எனக்கு இங்கிலீஷில் கோபப்படத் தெரியாது.

அம்மாவின் நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது என்பது உனக்குத் தெரியும். வீட்டில் கரண்டில் ஓடுகிற ஆக்சிஜன் மெஷின் இருக்கிறது, கரண்டு போனால் உதவ இரண்டு சிலிண்டர். ஒன்று சின்னது, பாதி தீர்ந்தது, அவசரத்துக்குக் கட்டில் பக்கத்திலேயே நிற்கும். மற்றது முழுசாக நிரப்பின பெரிய சிலிண்டர், ஸ்பேர். தேஹு ரோடு பேக்டரியில் வேலை பார்த்த காலமெல்லாம் ஸ்பேர் இல்லாமல் ஒரு ஷிப்டையும் நான் தொடங்கவிட்டதில்லை, அந்தப் புத்தி எனக்கு வீட்டிலும் போகாது. தூசி படக்கூடாது என்று அதற்குப் பழைய போர்வையில் உறை தைத்துப் போட்டு, கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன். தினமும் போகும்போதும் வரும்போதும் அந்த உறையைப் பார்த்துக்கொள்வேன், பார்த்தால் எனக்கு ஒரு தைரியம்.

போன மாதக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பவனா ஆறு ஏறுகிறது, கரையோர அடுக்குமாடி சொசைட்டிக்காரர்கள் ஜாக்கிரதையாக இருங்கள் என்று போனுக்கு மெசேஜ் வந்தபடி இருந்தது. விடிந்து பார்த்தால் நம் பார்க்கிங் முழுக்கத் தண்ணீர், ஸ்கூட்டர்களின் கண்ணாடி மட்டும் வெளியே தெரிந்தது. மீட்டர் அறைக்குள் தண்ணீர் போய்விட்டதால் கரண்டை நிறுத்திவிட்டார்கள். மெஷின் நின்றது. நான் பதறவில்லை. சின்ன சிலிண்டரைத் திறந்து அம்மாவுக்குக் குழாயை மாட்டிவிட்டு, இது தீர்வதற்குள் கரண்டு வரும், வராவிட்டால் ஸ்பேர் இருக்கிறது என்று அவளுக்குச் சமாதானமும் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் நெருங்கும்போது சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்பை நோக்கிப் போக ஆரம்பித்தது. ஸ்பேரைத் தயாராக வைப்போம் என்று போய் உறையைத் தூக்கினேன். உள்ளே நின்றது நம்முடைய சிலிண்டரே இல்லை, ஜெனி. வேறு ஏதோ கடை முத்திரை போட்ட ஒரு காலி சிலிண்டர். தட்டினேன், மணி மாதிரி சத்தம் வந்தது.

யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்து வாட்ச்மேனைக் கூப்பிடப் போனேன். அப்போதுதான் உன் அம்மா வாயைத் திறந்தாள்.

"அத யாரும் களவாங்கல. நாந்தான் சரசா அக்காவுக்குக் குடுத்தேன்."

சரசா என்றால் பி விங்கில் இரண்டாவது மாடியில் இருக்கிற பத்மநாபன் சாரின் மனைவி, பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனாரே, அவர்தான். அந்த அம்மாளுக்கும் அம்மாவுக்கு இருக்கிற அதே வியாதி, அம்மாவை விட முற்றினது. அந்த வாரம் அவர்கள் மெஷின் ரிப்பேர், மழையில் மெக்கானிக் வரவில்லை, சிலிண்டர் கடை வண்டியும் வரவில்லை. வெள்ளத்துக்கு இரண்டு நாள் முன்னால், நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அம்மா வாட்ச்மேனைப் பிடித்து, தள்ளுவண்டியில் நம் ஸ்பேரை அங்கே அனுப்பிவிட்டு, அவர்கள் வீட்டுக் காலி சிலிண்டரை வரவழைத்து, உறைக்குள் நிறுத்தியிருக்கிறாள். சாகிற அளவுக்கு விஷயம் இருக்கும்போது புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். கொடுக்கிறதை வெளியே தெரியாமல் கொடுக்க வேண்டும் என்றுதானே ஆண்டவர் சொல்லியிருக்கிறார் என்கிறாள். தெருவில் தம்பட்டம் அடிக்காதே என்றார் அவர், கட்டின புருஷனுக்கு உறை போட்டு மறை என்றா சொன்னார்? உலகத்தில் எந்த ஜாதி ஜனமும் இப்படி ஒரு காரியம் செய்யாது, நம் ஆட்கள்தான் செய்வார்கள்.

"ஒங்ககிட்ட கேட்டா நீங்க விட்டிருப்பீயளா? அவியளுக்கு அன்னைக்கு மூச்சு முட்டுச்சு, எனக்கு முட்டல."

விட்டிருக்க மாட்டேன். அது உண்மை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அவள் சொன்னபோது, பார்த்துக்கொள்ளத்தானே உன்னை என் கையில் கொடுத்தார், என் கையையும் கட்டிப்போட்டால் அவர் எப்படிப் பார்ப்பார் என்று கத்தினேன். மூச்சு வாங்குகிறவளிடம் கத்துகிறோமே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு பயம்.

சிலிண்டரைத் திரும்ப வாங்கி வரத்தான் போனேன், இதை ஒளிக்க மாட்டேன். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன், சுருட்டினதில் பிரயோஜனமில்லை, தண்ணீர் இடுப்புக்கு இருந்தது. மேல்மாடித் தினேஷ், சாகண் கம்பெனிக்கு ஷிப்டு போகிறானே, அவனும் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்ததால் கூட வந்தான். பி விங் மாடி ஏறுகிற வரைக்கும் என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எங்கள் பொருள், எங்களுக்கு இப்போது அவசரம், கோபிக்காதீர்கள், அவ்வளவுதான். இதில் என்ன தப்பு?

கதவு திறந்தே கிடந்தது. சரசா அம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தார், நம் சிலிண்டர் தலைமாட்டில். பத்மநாபன் சார் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். அவர்கள் மகள் ஹர்ஷா, மஸ்கட்டில் வேலை பார்க்கிறவள், அம்மாவுக்கு முடியவில்லை என்று கேட்டு முந்தின நாள்தான் வந்து சேர்ந்திருக்கிறாள், பெட்டிகூடப் பிரிக்காமல் நடுவீட்டில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் சரசா அம்மாள் சிரித்தார். எஸ்தர் எப்படி இருக்கிறாள், அவளிடம் இன்னொன்று இருப்பதாகச் சொன்னாளே, கரண்டு இல்லாமல் சமாளிக்கிறாளா என்று கேட்டார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த மூன்று வரியில் ஒரு வரியும் என் வாயில் வரவில்லை. நனைந்த சட்டையோடு நின்றேன். என் முகத்தைப் பார்த்தே அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. தன் மூக்கிலிருந்த குழாயைத் தானே கழற்றினார்.

"எடுத்துண்டு போங்கோ. அவளோடதுதானே."

பத்மநாபன் சார் விசிறுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, எடுங்கள் என்றும் சொல்லவில்லை. நான் கையை நீட்டவில்லை, ஜெனி. நல்லவன் என்பதால் அல்ல, கை எழும்பவில்லை. ஹர்ஷாதான் குழாயைப் பிடுங்கி அவள் அம்மாவுக்கு மறுபடி மாட்டிவிட்டு, எஸ்தர் ஆன்ட்டியை இங்கே கொண்டுவந்துவிடலாம் அங்கிள், சிலிண்டரை அங்கே தூக்குவதை விட அது சுலபம் என்றாள். படித்த பெண், அந்த நேரத்தில் அவளுக்குத்தான் புத்தி வேலை செய்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து, முன்னால் தினேஷ், பின்னால் நான், பக்கத்தில் மிச்சம் மீதி இருந்த சின்ன சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஹர்ஷா. இந்த வயதில் என் முதுகு என்ன சொன்னது என்பதை எழுதினால் தாள் போதாது. பாதித் தண்ணீரில் வரும்போது அந்தச் சிலிண்டர் தீர்ந்தது. அம்மாவின் உதடு நீலம் பாய்ந்தது. கண் மேலே சொருகியது. எஸ்தர் எஸ்தர் என்று நான் கூப்பிட்டேன், ஜெபம் ஒன்றும் வரவில்லை, அவள் பெயர்தான் வந்தது. மாடி ஏறி அந்தக் கட்டிலில் போட்டதும் சரசா அம்மாள் தன் குழாயை எடுத்து அம்மாவுக்கு வைத்தார். அம்மாவுக்கு நிறம் திரும்பியது. திரும்பினதும் முதல் வேலையாக அதைக் கழற்றி அவரிடம் நீட்டுகிறாள். அவர் வேண்டாம் நீ வைத்துக்கொள் என்கிறார், இவள் இல்லை நீங்க வைங்க என்கிறாள். கல்யாண வீட்டுப் பந்தியில் உபசாரம் செய்வது போல இரண்டு பேரும். எனக்கு வந்ததே கோபம், இது என்ன பாயசமா, மரியாதை பார்க்காமல் ஆளுக்குக் கொஞ்சமாக மூச்சு விடுங்கள் என்று அதட்டினேன். சாயங்காலம் மீட்புப் படையின் ரப்பர் படகு வருகிற வரைக்கும் இரண்டு பேரும் ஒரே குழாயை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் விடாமல் கிடந்தார்கள். பத்மநாபன் சார் தன் சுவாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், நான் சமையலறையில் முழங்கால் போட்டிருந்தேன். படகு ரோட்டுப் பக்கமுள்ள பி விங்குக்குத்தான் வர முடிந்தது, நம் ஏ விங் பக்கம் அதற்குள் தண்ணீர் ஏறி இழுப்பு அதிகமாகிவிட்டது என்று வரவில்லை.

இதைக் கேட்டதும் நம் சபைப் போதகர், பார்த்தீர்களா, கொடுத்ததனால்தான் பிழைத்தார்கள், வரும் ஞாயிறு ஆராதனையில் நீங்கள் எழுந்து சாட்சி சொல்லுங்கள் என்கிறார். ஸ்தோத்திரக் காணிக்கையும் படைக்கச் சொல்கிறார். நான் முடியாது என்றேன். ஏனென்றால் சரசா அம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் இறந்துபோனார். ஒரே படகில் வந்து, ஒரே வார்டில் படுத்து, ஒருத்தி இருக்கிறாள், ஒருத்தி இல்லை. என் பெண்சாதி பிழைத்தாள் அல்லேலூயா என்று மைக்கில் சொன்னால், அந்த மனுஷன் காதில் விழுந்தால் எப்படி இருக்கும்? அவரும் தன் தெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டுதானே இருந்தார். ஆண்டவர் சர்வவல்லவர், அவர் சித்தம் நடக்கும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தவன் நான்தான், இப்போதும் அதை மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சித்தத்துக்கு விளக்கம் சொல்லும் வேலையை என்னிடம் அவர் கொடுக்கவில்லை. என் ஸ்பேர் எனக்கே இருந்திருந்தால் அம்மா வீட்டிலேயே சௌக்கியமாக இருந்திருப்பாள், சரசா அம்மாள் மகள் வந்து சேருமுன்னேயே போயிருப்பார். எது சரி? என்னால் சொல்ல முடியவில்லை. இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை, எனக்குக் கிடைத்தது எனக்குப் பாத்தியதை இல்லாதது, அது மட்டும் தெரிகிறது. அதைத்தான் கிருபை என்கிறோம் போலிருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் சரசா போனது தெரியாது. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன், நானும் பொய்யில் இறங்கியாயிற்று. அவள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மூச்சு விடவே கஷ்டப்படுகிறவள் காலையில் சுஷ்மாவிடம், பக்கத்துக் கட்டில் பாட்டிக்குக் கம்பளி இல்லை, என்னுடையதைக் கொடு என்கிறாள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வெள்ளத்தன்று பட்ட பாட்டில் அம்மாவின் நுரையீரல் ரொம்பவும் அடி வாங்கிவிட்டது, மருந்து வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம், பிள்ளைகள் இருந்தால் வரச் சொல்லிவிடுங்கள் என்றார். அதைக் கேட்ட பிறகும் நான் உனக்குப் போன் செய்யவில்லை. புது வேலை, லீவு கிடையாது, கிறிஸ்மஸுக்கு வருகிறாய், நடுவில் தொந்தரவு செய்யக்கூடாது என்று அம்மா சொன்னதையே பிடித்துக்கொண்டிருந்தேன். நேற்று பத்மநாபன் சார் காரியங்களை முடித்துவிட்டு நேரே இங்கே வந்தார். வார்டுக்கு உள்ளே வரவில்லை, வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்காத்து மாமி அன்னிக்கு அதைக் குடுக்கலேன்னா ஹர்ஷா அவ அம்மாவை உயிரோட பார்த்திருக்க மாட்டா சார். கடைசி நாள் சரசா அவ மடியில தலை வச்சுண்டு படுத்திருந்தா. உங்க பொண்ணு எப்போ வரா?"

டிசம்பரில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஜெனி. எழுந்து தண்ணீர் குடிக்கப் போவது போலப் போய்விட்டேன். உன் அம்மா தன்னிடம் இருந்த நாட்களை எடுத்து இன்னொருத்தி மகளுக்குக் கொடுத்துவிட்டாள். உனக்கென்று எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறாள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஆண்டவருக்குத்தான் தெரியும். நான் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், உடனே வா.

உன்னையும் மாப்பிள்ளையையும் கர்த்தர் தமது செட்டைகளின் கீழே காத்து, பத்திரமாக இங்கே கொண்டுவந்து சேர்ப்பாராக. டிக்கெட் போட்டதும் எனக்கு மட்டும் மெசேஜ் அனுப்பு, அம்மாவுக்கு அனுப்பாதே, அவள் உன்னைத் திரும்பிப் போகச் சொல்லிவிடுவாள். மும்பையில் இறங்கித் தனியாக டாக்ஸி பிடிக்க வேண்டாம், மலையேறி வரும் காட் ரோட்டில் மழை இன்னும் விடவில்லை, தினேஷ் வண்டி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். வீட்டுக்குப் போக வேண்டாம், பெட்டியோடு நேரே இங்கே வந்துவிடு.

உன் வரவைப் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும்,
அப்பா
தே. தங்கராஜ்