நீ சொன்னது ‘எழும்’, நான் எழுதியது ‘வெடிக்கும்’

இன்று காலை எனக்குத் திருத்தத்துக்கு வந்த கோப்பில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. திரையில் சாளரங்களும் பொத்தான்களும் அமைக்க உதவும் ஒரு கருவித்தொகுதியின் தமிழ்க் கையேடு அது. ‘பொத்தானை அழுத்தியதும் நிகழ்வு’ என்று எழுதி, வினைச்சொல் வரவேண்டிய இடத்தில் புள்ளிகள் போட்டு, “அக்கா, இதுக்கு ஒரு சொல்லும் சரிவரேல்லை, நீங்களே போடுங்கோ” என்று ஓரத்தில் குறிப்பு வைத்திருந்தாள் அதை மொழிபெயர்த்த பெண். நான் ‘எழும்’ என்று நிரப்பினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு மத்தியானம் வரைக்கும் அடுத்த வரியைத் தொட முடியவில்லை.

அது உன் சொல். உன்னிடமிருந்து எடுத்த சொல்லை என்னுடையதுபோல் எழுதிவிட்டு, நல்ல பெயரும் வாங்கப்போகிறேன். உனக்கு நான் ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை. நீ இருந்தபோது எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் நீல மையில் எழுதியவள் நான். அது யாருடைய எழுத்து என்று பொலிசில் கேட்டபோது தெரியாது என்று சொன்னவளும் நான்தான். முதலாவது உனக்குத் தெரியும். இரண்டாவதும் தெரியுமா என்ற கேள்வி என்னை வருடக்கணக்காகத் தின்றுகொண்டிருந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருந்ததே நம் அலுவலகம், ஒரு பழைய வீட்டின் முன்னறை. ரயில் போகும் ஒவ்வொரு தடவையும் கணினித் திரைகள் நடுங்கும். உப்புக் காற்றில் விசைப்பலகையின் ஆணிகள் துருப்பிடித்துவிடும். நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை, ஒரே வயது, ஒரே சம்பளம். ஒரு மருத்துவ நிலையத்துக்காக நோயாளரைப் பதிவுசெய்யும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். நீ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டோடு ஒட்டிய வாடகை அனெக்ஸில் தங்கியிருந்தாய். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து கொட்டாஞ்சேனையிலேயே வளர்ந்தவள். நமக்கிடையில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான் என்று அப்போது நினைத்திருந்தேன். என் அடையாள அட்டையில் கொழும்பு முகவரி, உன்னுடையதில் யாழ்ப்பாண முகவரி என்பதை நாம் ஒரு வித்தியாசமாகவே எண்ணவில்லை. தெருவில் சோதனைக்கு நின்றவர்கள் எண்ணினார்கள்.

சனிக்கிழமை வகுப்பு உன் யோசனை. தமிழில் படித்துவிட்டு ஆங்கிலக் கையேட்டின் முன் விழித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு பேருக்கு, எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு மண்டபத்தில் பாடம் நடத்தினோம். நீதான் அதிகம் கதைப்பாய். “பழைய புறோகிராம் வாய்மொழிப் பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி. தான் கேக்கிற ஒழுங்கிலதான் பதில் சொல்ல வேணும். இது அப்பிடியில்லை. கடையைத் திறந்து வைச்சிட்டு இருக்கிற மாதிரி. ஆர் வருவினம், எதைக் கேப்பினம் எண்டு உனக்குத் தெரியாது. வந்தாப்பிறகுதான் வேலை.” அந்தத் திறந்துவைத்துக் காத்திருக்கும் வேலைக்கு நிகழ்வுச் சுழல் என்று பெயர் வைத்தாய். இன்ன நிகழ்வு வந்தால் என்னைக் கூப்பிடு என்று முன்கூட்டியே பெயர் கொடுத்து வைப்பதற்குப் பதிவு என்றாய். அனெக்ஸில் இருந்த எல்லோரும் அடையாள அட்டைப் பிரதி கொடுத்துப் பொலிசில் பெயர் பதிந்திருந்த காலம். முன்வரிசையில் இருந்த ஒருத்தி, “மிஸ், அதுக்கும் ஐசி கொப்பி குடுக்க வேணுமோ?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நீ கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

சொற்களுக்காக நாம் சண்டை பிடித்த மாதிரி வேறெதற்கும் பிடித்ததில்லை. திரையில் வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் நீ ‘உருப்படி’ என்றாய். நம் மருத்துவ நிலைய மென்பொருளில் ஒன்றும் ஒழுங்காக ஓடாத காலம் அது, “உருப்படாத உருப்படி” என்று நான் அதை நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி உன்னைக் கடுப்பேற்றினேன். பொத்தானுக்குத் ‘தெறி’ என்றாய், உங்கள் வீட்டில் சட்டைக்கு அப்படித்தான் சொல்வார்களாம். “தெறிச்சு ஓடினா ஆர் பிடிக்கிறது?” என்று கேட்டேன். பொத்தானே நின்றது. பதில் சொல்லும்வரை மற்ற எல்லாவற்றையும் முடக்கிவைக்கும் பெட்டி ஒன்று திரையில் வருமே, அதற்கு மட்டும் கடைசிவரை நமக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. சிறையில் போடுவதுபோல் அடைத்துவைக்கிறது என்று நீ அதை ‘மறியல் பெட்டி’ என்று சும்மா சொல்லிக்கொண்டிருந்தாய்.

அந்த வெள்ளிக்கிழமை, மறுநாள் வகுப்புக்கான பட்டியலை நான் எழுத வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்தினால் நிகழ்வு என்ன செய்யும் என்பதில் வந்து நின்றோம். ஆங்கிலத்தில் சுடும் என்றுதான் சொல்வார்கள். நீ ‘எழும்’ என்றாய்.

“நித்திரையால எழும்பிற மாதிரிக் கிடக்கு,” என்றேன். “வெடிக்கும் எண்டு போடுவம். சத்தமாவது கேக்கும்.”

“விசரி. இந்த ஊரில அப்பிடி எழுதேலாதடி.”

“கொம்பியூட்டருக்குள்ள வெடிச்சா ஆருக்கென்ன?”

நான் எழுதியே விட்டேன். என் வாயைப் போலத்தான் என் கையும், சும்மா இருக்காது. நீல மையில், என் குண்டு குண்டு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக. பொத்தானை அழுத்தினால் நிகழ்வு வெடிக்கும். இலக்கு முன்கூட்டியே பதியப்பட்டிருக்க வேண்டும். காத்திருப்பவர் அழைப்பு வந்தவுடன் செயற்படுவார். தாய் அழிந்தால் பிள்ளைகளும் கூடவே அழியும். நம் தொழிலில் இவை நான்கும் உண்மை. வெளிச் சாளரம் தாய், அதற்குள் இருக்கும் உருப்படிகள் பிள்ளைகள், தாயை மூடினால் பிள்ளைகளும் போய்விடும். முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கும் விஷயம். நீ வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தாய். “தா, நான் திருத்திக்கொண்டு வாறன்” என்று மடித்துப் பையில் வைத்தாய்.

அந்த வாரம் நகரத்தில் ஒரு குண்டு வெடித்திருந்தது. சனிக்கிழமை நீ வந்த பேருந்தைப் புறக்கோட்டைக்குச் சற்று முன்னால் மறித்து, எல்லோரையும் இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். உன் முகவரியைப் பார்த்தார்கள். பையைக் கொட்டினார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கொடுத்தார்கள். நான் மண்டபத்தில் கரும்பலகையைத் துடைத்து வைத்துவிட்டு, உன்னைக் காணவில்லையே என்று பன்னிரண்டு பேருக்கும் பகிடி சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குப் பிறகு நம் மனேஜர் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். உன்னைப் பொலிசில் வைத்திருக்கிறார்களாம், உன்னோடு வேலை செய்பவர் ஒருவர் வந்து உன்னை அடையாளம் சொல்ல வேண்டுமாம். என் சிங்களம் நல்லது, என் அட்டை கொழும்பு அட்டை, ஆகவே நான். அப்பா தனியே விடமாட்டேன் என்று கூட வந்தார். முந்தி ஒருதரம் கலவரத்தில் கடையும் வீடும் எரிந்து, உடுத்த துணியோடு ஓடிய மனிதர் அவர். முச்சக்கர வண்டியில் என் கையைப் பிடித்தபடி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். “என்ன கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லு, பிள்ளை. அதுக்கு மேல ஒரு சொல்லும் கதையாதை.” அவரில் பழி போட எனக்கு விருப்பமில்லை. அவர் அந்த அறைக்குள் வரவில்லை, வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கத்தவில்லை, அதுவும் உனக்குத் தெரியவேண்டும். கத்தியிருந்தால் எனக்கு இன்று ஒரு சாட்டு இருந்திருக்கும். நான் சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். இது கணினிப் பாடம், நிகழ்வு என்றால் இது, தாய் என்றால் சாளரம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினார். நீ சிவப்பு மையில் ‘வெடிக்கும்’ என்பதை வெட்டி, மேலே ‘எழும்’ என்று எழுதியிருந்தாய். சிவப்பு உன்னுடையது என்று நீயே சொல்லிவிட்டாயாம். வெடிக்கும் என்று இருந்ததை ஏன் மறைத்தாள் என்று கேட்டார். மறைக்கவில்லை, திருத்தினாள் என்றேன். தலையாட்டினார்.

“மே நில் அகுரு காகேத?” என்றார். இந்த நீல எழுத்து யாருடையது.

எழுதியவரை வரச்சொல்லுங்கள், வந்து நீங்கள் சொன்ன மாதிரியே விளக்கட்டும், இன்றைக்கே முடித்துவிடலாம் என்றார். அவர் என்னைப் பொறியில் மாட்டப் பார்த்தாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மையாகச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். என் அட்டை அவருடைய மேசையில் இருந்தது. கொழும்பில் பிறந்த, சரளமாகச் சிங்களம் பேசும் ஒருத்தி எழுதினால் அது கணினிப் பாடம். உன் பையில் இருந்ததால் அது வேறொன்று. ‘மகே’ என்று ஒரு சொல் போதும், என்னுடையது. இரண்டே எழுத்து.

“தன்னே நே, மஹத்தயா,” என்றேன். தெரியாது, ஐயா.

அப்படியென்றால் அந்த ஆள் கிடைக்கும்வரை இவள் இங்கே இருக்கட்டும் என்று தாளை மடித்து வைத்தார். வெளியே வரும்போது கதவிடுக்கால் உன் சேலைக் கரையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பயம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை, பயம்தான். திங்கட்கிழமை போய் உண்மையைச் சொல்லுவது என்று பேருந்தில் ஏறினேன். பொலிஸ் நிலையத்து நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை மனேஜர் ஆங்கிலக் கையேட்டோடு ஒரு சட்டத்தரணியையும் கூட்டிக்கொண்டு போனபோது உன்னை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள்.

ஏழு மாதம். ஏழு மாதமும் நான் உன் பக்கத்து மேசையில் இருந்து வேலை செய்தேன். மருத்துவ நிலையத்தின் மென்பொருள் முடிந்தது, நன்றாகவே ஓடியது. வகுப்பை நான் நிறுத்திவிட்டேன்.

நீ வெளியே வந்து ஒரே ஒரு தடவை அலுவலகத்துக்கு வந்தாய், உன் சாமான்களை எடுத்துப்போக. கன்னம் ஒட்டி, இடது பக்கமாகச் சரிந்து நடந்தாய். கதிரையில் இருக்க முதல் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்தாய். நான் தேநீர் ஊற்றித் தந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“பிள்ளையள் எதுவரைக்கும் வந்தவை?” என்று கேட்டாய்.

“வகுப்பு நடக்கேல்லை.”

“நடத்தியிருக்கலாம். பட்டியலையாவது முடிச்சு வை. நல்ல சொல்லெல்லாம் அதில கிடக்கு.” கோபமில்லாமல்தான் சொன்னாய். அது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. உனக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, உன் பையை முச்சக்கர வண்டிவரை தூக்கிவந்து கையசைத்தேன். தரைப்பாதை மூடிக்கிடந்ததால் நீ கப்பலில் ஊருக்குப் போனாய்.

அதன் பின் வந்தது உன் மரணச் செய்திதான். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, மருந்துகூடப் போய்ச் சேராத நாட்களில் நீ போய்விட்டாய். பாதை திறந்த பிறகு உன் தம்பி கொழும்புக்கு வந்தபோது என்னைத் தேடி வந்தார். அவருக்கு என்மேல் ஒரு மனத்தாங்கலும் இல்லை, அக்காவின் கூட்டாளியைப் பார்க்க வந்தவர் மாதிரித்தான் வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று நீ வீட்டில் அதிகம் சொல்லவில்லையாம். அம்மா நச்சரித்த ஒருநாள் மட்டும் கொஞ்சம் சொன்னாயாம்.

“நீல எழுத்து ஆற்றை எண்டுதான் நெடுகக் கேட்டவையாம்,” என்றார். “முதல் நாள் அக்கா ஒண்டும் பதறேல்லையாம். எழுதின ஆள் வந்து சொல்லுவா எண்டு இருந்தவவாம். பின்னேரம் வந்து சொன்னவையாம், உன்ரை கூட்டாளி வந்தவா, தெரியாது எண்டு சொல்லிப்போட்டுப் போட்டா எண்டு.”

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. “அதுக்கு உங்கட அக்கா என்ன சொன்னவா?” என்று கேட்டேன்.

“‘அப்ப எனக்கும் தெரியாது’ எண்டு சொன்னவவாம். கடைசி மட்டும் அதைத்தான் சொன்னவவாம்.”

தேநீரைக் குடித்து முடித்துவிட்டு அவர் போனார். ஆக, உனக்குத் தெரிந்திருந்தது. உன் எதிரில் தேநீரை வைத்துவிட்டு நான் வாயைத் திறந்து மூடியதை எல்லாம் தெரிந்துகொண்டேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஏழு மாதமும் நாம் இருவரும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறோம். நான் ஒரு தடவை சொன்னேன், என்னைக் காப்பாற்ற. நீ எத்தனை தடவை சொன்னாய் என்று எனக்குத் தெரியாது.

மன்னிப்புக் கேட்க இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. தம்பி வந்துபோன நாளிலிருந்து ஒரு பழக்கம் மட்டும் என்னிடம் ஒட்டியிருக்கிறது. நான் எழுதும் எந்தத் தாளின் அடியிலும், அது கடைக்குக் கொடுக்கும் சாமான் துண்டாக இருந்தாலும், என் முழுப் பெயரையும் முகவரியையும் எழுதி வைக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சாமான் துண்டுக்குமா கையெழுத்து என்று கடைக்காரரும் கேட்டார். ஓம், அது நான் எழுதினது என்றேன்.