பிடிமண்ணுக்கு நீ காட்டிய சாட்சி

ஆத்தா பிரகதிக்கு அப்பத்தா அமராவதி எழுதுவது. இங்கே நானும் மாடு கன்றும் ஏதோ சுகமாக இருக்கிறோம், நீ டெல்லி வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் என் மனசு அடங்கும். செவலைப் பசு கிடேரி போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. சிங்கப்பூரிலிருந்து உன் அப்பா வாரம் தவறாமல் பேசுகிறான், கீழே எழுதுவது எதையும் அவனிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, அங்கே கிடந்து தவிப்பான்.

எல்லைச்சாமிக்கு மண் குதிரை எடுக்கிற நம் ஊர்ப் புரவியெடுப்பைப் பற்றி நீ எழுதிய ஆய்வுக் கட்டுரை உங்கள் காலேஜ் வெப்சைட்டில் வந்ததும் ரேஷன் கடை வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் காட்டினேன். நம் குடும்பத்தில் அதுவரை பேர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில்தான். தமிழில் இருந்ததால் அஞ்சாம் வகுப்புப் படிப்பை வைத்து எழுத்துக் கூட்டி நானே படித்தேன். பிடிமண் கொடுக்கும் உரிமை மகாராஜா காலத்திலிருந்து மேலக்கரைக்கு மட்டுமே உண்டு, நம் கீழக்கரைக்குக் கிடையாது, அதற்குச் செப்புப் பட்டயம் இருக்கிறது என்று எழுதிக் கீழே ஒரு வெப்சைட் பேரைப் போட்டிருக்கிறாய். அது யார் நடத்துவது என்று பார்த்தாயா ஆத்தா? மேலக்கரைப் பெரியண்ணன் போன வருசம் ஆள் வைத்துச் செய்தது. மேலே சாமி படமும் ஊர் வரலாறு என்று தலைப்பும் போட்டுவிட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வரும். மண் குதிரை செய்யச் சொல்லி வேளாரிடம் கொடுக்கிற அந்தப் பிடி மண்ணை இரண்டு கரைப் பெரியவர்களும் ஒரே தாம்பாளத்தில் கை வைத்துத்தானே கொடுப்பார்கள், நீயே என் இடுப்பில் உட்கார்ந்து பார்த்தவள். கண்ணால் பார்த்தது ஆதாரம் ஆகாது, எழுத்தில் இருப்பதைக் காட்டு என்று உங்கள் வாத்தியார் சொன்னதாக நீ சொன்னாய். எழுத்தில் இருந்தது, எழுதியது யார் என்று நீயும் கேட்கவில்லை அவரும் கேட்கவில்லை.

பெரியண்ணன் அதை பிரிண்ட் எடுத்து ஊர்க்கூட்டத்தில் விரித்து வைத்தான். “கீழக்கரைப் புள்ளையே எழுதிருச்சு, டெல்லியில ஒத்துக்கிட்டாங்க, இனி என்னங்கப்பா பேச்சு” என்றான். நம் ஆளில் ஒருத்தன், “அப்ப டெல்லிக்காரன் வந்து குதிரையத் தூக்கட்டும்” என்றதற்கு யாரும் சிரிக்கவில்லை. இப்போது அந்த வெப்சைட்டில் டெல்லி ஆய்வே உறுதி செய்தது என்று உன் பேரையும் படத்தையும் போட்டிருக்கிறார்கள். உனக்கு அவர்கள் சாட்சி, அவர்களுக்கு நீ சாட்சி. நடுவில் அந்தப் பட்டயத்தைக் கண்ணால் கண்டவர் ஒருத்தரும் இல்லை.

அன்றிலிருந்து ஊர் ஊராக இல்லை. மேலத்தெருப் பெண்கள் நம் குழாய்க்கு வருவதில்லை. கண்மாய்க் கரையில் போலீஸ் வேன் நிற்கிறது. வேளார் செல்லமுத்து யார் கையிலும் மண் வாங்க மாட்டேன் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் ஊருக்குப் போய்விட்டார். நம் தெருப் பையன்கள் உன் சித்தப்பன் அய்யப்பன் கொல்லையில் கம்பு வெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதுக்கு என்று கேட்டால் வேலிக்கு என்கிறார்கள், அந்தக் கொல்லைக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது.

நேற்றுப் பெரியண்ணனே வீட்டு வாசலுக்கு வந்தான். மரியாதைக்குக் குறைவில்லை, தண்ணீர் கொடுத்தேன், குடித்தான். “அத்தை, புள்ளை எப்ப வருது, எந்த ரயிலுன்னு சொல்லுங்க. நாங்களே டேசன்ல மாலை போட்டுக் கூட்டியாறோம், எங்க கூடவே நின்னு பிடிமண்ணு குடுக்கட்டும்” என்றான். அவன் தலை மறைந்ததும் அய்யப்பன் வந்து, “அவளையே மாத்தி எழுதச் சொல்லு, நம்ம கரைதான் குடுத்துச்சுன்னு. இல்லேன்னா இங்கிட்டு வரட்டும், நான் கேட்டுக்கிறேன்” என்றான். தூக்கி வளர்த்தவன் பேசுகிற பேச்சா அது.

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசில் இரண்டு கரையையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். உன் கட்டுரையைத்தான் பெரியண்ணன் அங்கே நீட்டப் போகிறான். அதற்கு முன்னால் வாத்தியாரிடம் சொல்லிக் கட்டுரையை எடுக்கச் சொல். தாசில்தாருக்கு உன் கையெழுத்தில் ஒரு கடிதம் போடு. பட்டயத்தை நான் பார்க்கவில்லை, மேலக்கரையார் வெப்சைட்டில் இருந்ததை விசாரிக்காமல் எழுதிவிட்டேன், என் கட்டுரையை யாரும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம் என்று மட்டும் எழுது. சித்தப்பன் சொல்கிறபடி நம் கரைக்கும் சாய்த்து எழுதாதே, அது இன்னொரு பொய். இரண்டு பக்கமும் உன்னை ஏசுவார்கள், ஏசட்டும். பேர் போனால் நீ திரும்பச் சம்பாதித்துக்கொள்வாய், உனக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் உண்டு. இதற்காக ஒரு பிள்ளை மண்டை உடைந்து விழுந்தால் அதை யார் திருத்தி எழுதுவது.

உன் தலையைத் தடவித் திருநீறு பூசிவிட்டதாக நினைத்துக்கொள், எல்லைச்சாமி உனக்கு முன்னே நடக்கட்டும். எடுத்த டிக்கெட்டை கேன்சல் செய்துவிடு, திருவிழா முடிந்தாலும் நான் மறுபடி எழுதுகிறவரை இந்தப் பக்கம் வராதே. நானே போனில் ஊருக்கு வா ஆத்தா என்று கூப்பிட்டாலும் வராதே. என் பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, சரி அப்பத்தா என்று சொல்லி வைத்துவிடு.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்
அப்பத்தா அமராவதி